சேத வகை

ஊரின் பெயரிலேயே இடி இருக்கிறது.
ஆனாலும் தண்டர் பேயில், எங்கள் மேசையில்,
இடிச்சேதத்தை யாரும் சீந்துவதில்லை.
முந்நூறு அடிக்கு அப்பாலும் கேட்கும்;
தூங்குகிற எதிரியையெல்லாம் எழுப்பிவிடும்.

வியாழன் இரவு. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நார்வல் வீட்டு நிலவறையில் உலை முனகுகிறது.
துணி உலர்த்தும் எந்திரத்தின்மேல் சிப்ஸ்.
மேசையில் அவன் பென்சிலால் வரைந்த பாதாளம்.

நான் வெர்னா ஹியெட்டலா.
பகலில் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சேதம் மதிப்பிடுபவள்.
தீ, வெள்ளம், காற்று, குழாய் உறைந்து வெடித்தல்:
ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், ஒரு குறியெண்.
இரவில் மந்திரக்காரி.
அதே வேலைதான், சம்பளம் கிடையாது.

"எப்போதும் நெருப்புதானா?" என்று ரோடியைக் கடிந்தேன்.
எட்டுப் பகடை, ஆறு முகம், சராசரி இருபத்தெட்டு.
கேட்க நன்றாயிருக்கும்.
ஆனால் பாதாளத்தில் பிறந்ததெல்லாம்
நெருப்பில் குளித்து வளர்ந்த பிள்ளைகள்.
பாதி கழியும்; சிலதுக்கு முழுதும் கழியும்.
நஞ்சு இன்னும் மோசம்,
எலும்புக்கூட்டுக்கு எந்த வயிற்றில் ஊற்றுவாய்?
பிணத்தின்மேல் அழுகலை ஏவுவதோ
கொல்லன் தெருவில் ஊசி விற்பது.
குளிர் பரவாயில்லை. அமிலம் கதவுக்கும் ஆகும்.
விசைதான் நேர்மையானது என்றேன்.
நிறமில்லை, மணமில்லை,
தள்ளுகிறது, அவ்வளவுதான்.

ரோடி பொலியூ மின்கம்பம் ஏறுகிறவன்.
இடது உள்ளங்கையில் காசளவுக்கு
வழவழப்பாய் ஒரு தழும்பு.
மூன்று வருடத்தில் ஒருநாளும்
மின்னலைத் தேர்ந்ததில்லை.
"நெருப்பு எங்கே போகிறதென்று
கண்ணுக்குத் தெரியும், வெர்னா," என்றான்.
அதற்கு என் கணக்கில் பதில் இல்லை.

ஓடில் வரத் தொடங்கி மூன்றாவது வாரம்.
துறைமுகத்துத் தானியக் கிடங்கில்
எடைச்சீட்டு எழுதுகிறாள்.
அவள் எடுத்திருந்தது ஏளன மந்திரம்.
மனச்சேதம்: ஒரே பகடை, நாலே முகம், சராசரி இரண்டரை.
நகம் வெட்டக்கூடக் காணாது என்று
நல்லெண்ணத்தில்தான் சொன்னேன்.
"தெரியும்," என்றாள்.

அன்றைக்கு வந்தது சாம்பல் பூதம்.
நார்வல் அதற்குப் பதில் ஒரு பாட்டில் மூடியை வைத்தான்.
இரண்டு மணிநேரம் அடித்தோம்.
ரோடியின் நெருப்பு பாதிப் பாதியாய் உதிர்ந்தது.
என் விசை முழுதாய் விழுந்தது, மூன்றே முறை.
பிறகு கைவசம் ஒன்றுமில்லை.

ஏளனம் என்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்,
அது நார்வலின் சட்டம்.
போன வாரம் நான் சொன்னது:
உன் வாய்நாற்றத்தில் வவ்வால் செத்து விழுகிறது.
சிரிப்பில் யாருடையதோ பியர் சிந்தியது.

ஓடில் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு
பாட்டில் மூடியின் பக்கம் சற்றே குனிந்தாள்.
"நேற்று நீ வராததை
யாரும் கவனிக்கவில்லை."

சுடுசொல் என்பார்களே, சுடவில்லை அது.
ஆறின காப்பியின் சூட்டில்,
முதலில் அதைச் சொன்னவர் யாரோ
அவர் குரலிலேயே வந்ததாகப் பட்டது.
உலை நின்றது.
ரோடி உள்ளங்கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டான்.

பகடை உருண்டது. ஒன்று.

நார்வல் அட்டைத் தடுப்புக்குப் பின்னால்
தன் தாளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.
"அதற்கு மிச்சமும் ஒன்றுதான்," என்றான்.
பாட்டில் மூடியைக் கவிழ்த்து வைத்தான்.

நான் முதல் அடியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.
என் தாளில் பத்தொன்பது மிச்சம்.
எண்ணிக்கை தப்பினால் எழுந்து நின்று வாதாடுகிறவள்,
இந்த ஊரே அறியும்.
பேனாவை மூடினேன்.

பதினொன்றரைக்கு ஓடிலின் கார் கிளம்பவில்லை.
ரோடி தன் வண்டியை மூக்கோடு மூக்காய் நிறுத்தி
கம்பிகளை எடுத்து வந்தான்.
சிவப்பை முதலில், கையுறையோடு, நிதானமாக.
ஒரு பொறி தெறித்தது; அவன் அசையவில்லை.
எங்கள் மூச்சு முகத்துக்கு முன்னே வெளுத்து நின்றது.

கண்ணாடியிலிருந்த பனியைச் சுரண்டிக்கொண்டே
அவளிடம் சொன்னேன்:
அடுத்த வியாழன் சிப்ஸ் உன் முறை.
உப்பு மட்டும் போட்டது.